மரக்காலை அளந்த பிறகு

குமரி மாவட்டத்து வட்டக்கோட்டைக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். பெயர்தான் வட்டம். மதில்மேல் ஏறி நின்று பார்த்தால் நீள்சதுரம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் கருங்கல்லில் எடுத்துக் கட்டிய கோட்டை இது. கண்ணால் பார்த்த பிறகும் யாரும் பெயரை மாற்றிச் சொல்வதில்லை. ஒட்டின பெயர் ஒட்டினதுதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம், கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம், நானும் என் அக்காள் மகளும். அவள் உளவியலில் முதுகலை முடிக்கப் போகிறாள். கடற்காற்றில் சாயா ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும். அவளோ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, ஸ்கூல் சைக்காலஜியில புரொபசர் ஆகணும்னு எனக்கொரு ஆசை. வீட்டுல சொன்னா, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியாங்காவ. அது என்ன வேலைன்னு எனக்கே ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல."

கடைக்கார அண்ணாச்சி அடுத்த சாயாவை ஆற்றிக்கொண்டே குறுக்கே வந்தார். "நெல்லுக்கு மரக்கால் உண்டு. புத்திக்கும் மரக்கால் உண்டா சாரே?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் படிப்பின் நூறு வருடச் சண்டை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சொன்னதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். பள்ளி உளவியலாளர் என்றால் அழுகிற பிள்ளையைத் தேற்றுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் பெரிய வேலை, ஒரு பிள்ளைக்கு ஏன் படிப்பு ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது. கண்ணா, காதா, வீட்டுச் சண்டையா, வகுப்பில் நடக்கும் கேலியா, எழுத்தை உள்வாங்குவதில் மூளைக்கு உள்ள சிக்கலா, இல்லை நாம் சொல்லிக்கொடுத்த விதமே கோளாறா? காரணம் தெரிந்தபின் ஆசிரியர் என்ன செய்யணும், பெற்றோர் என்ன செய்யணும் என்று சொல்லி, சில மாதம் கழித்துத் திரும்பி வந்து பார்ப்பது அடுத்த வேலை. இப்படிப்பட்டவர்களை உருவாக்குகிறவர்தான் பள்ளி உளவியல் பேராசிரியர்.

இந்தத் துறை பிறந்ததே ஓர் எழுத்துப்பிழையில்தான். 1896-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மார்கரெட் மக்வயர் என்ற ஆசிரியை, 14 வயதுப் பையன் ஒருவனைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றபடி கெட்டிக்காரன், எழுத்துக்கூட்ட மட்டும் வராது. அங்கே லைட்னர் விட்மர் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். மனத்தைப் பற்றிய படிப்பென்றால் இதற்கு ஒரு வழி சொல்லத் தெரிய வேண்டாமா என்பதுதான் ஆசிரியையின் எண்ணம். விட்மர் சோதித்தபோது பையனுக்குப் பார்வைக் குறை இருப்பது தெரிந்தது. கண்ணாடி போட்டார்கள். அதோடு முழுவதும் தீரவில்லை. எழுத்துப் பயிற்சியும் தொடர்ந்தது. அந்த வருடம் விட்மர் தொடங்கிய உளவியல் சிகிச்சையகம்தான் உலகில் முதலாவது.

"கவனிச்சியா மக்ளே," என்றேன். "பேராசிரியர் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகல்ல. ஒரு டீச்சர்தான் பையன் கையைப் பிடிச்சு அவர்கிட்ட கொண்டு விட்டது."

பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயிடம் இதே கேள்வி அரசாங்கத்திடமிருந்து வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரத் தொடங்கியபின், யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று எப்படிக் கண்டறிவது? 1905-இல் தியோடோர் சிமோனோடு சேர்ந்து அவர் செய்துகொடுத்ததே முதல் அறிவுத்திறன் சோதனை. உதவி தேடிக் கொடுக்கச் செய்த கருவி அது. பினே 1911-இல் இறந்துபோனார். அதன்பின் பல நாடுகளில் அதே கருவியை, இவன் மட்டம், அவன் உயர்வு என்று முத்திரை குத்தத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். 1915-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்னால்ட் கெசல் 'பள்ளி உளவியலாளர்' என்ற பதவிப் பெயரோடு வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பெயரில் பதவி வகித்த முதல் ஆள் அவர்தான்.

நம் பக்கத்துக்கு இது எப்படி வந்தது? 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது. தெற்கே முதலில் மைசூர். லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசாமி 1924-இல் அங்கே துறையைத் தொடங்கினார். இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1935-இல் தம் வீட்டிலேயே ஒரு சின்ன வானொலி நிலையத்தை நடத்தினார். அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர். பின்னாளில் அகில இந்திய வானொலி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-இல் வந்தது. தலைமை ஏற்றவர் ஜி.டி. போவாஸ்.

இனி அவள் ஆசைப்பட்ட அந்தப் பதவி. நம் நாட்டுக் கல்லூரிகளில் 'பள்ளி உளவியல் துறை' என்று பலகை மாட்டிய கட்டடத்தைத் தேடினால் கால்தான் வலிக்கும். ஆள்கள் மூன்று வாசல் வழியாக வருகிறார்கள். உளவியல் துறையில் சேர்ந்து குழந்தைகள் பக்கம் ஆராய்ச்சியைத் திருப்புகிறவர்கள் ஒரு வகை. கல்வியியல் துறையில் பி.எட்., எம்.எட். மாணவர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது மருத்துவ உளவியல். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு பெற்று, மருத்துவமனை வழியாகப் பள்ளிக்கு வருகிறவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைக்குத் தலைமை வகித்த மாளவிகா கபூர் இந்த மூன்றாம் வாசலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளின் தொல்லைகளில் பெரும்பகுதியைப் பள்ளியிலேயே கவனிக்கலாம் என்று நம்பி வேலை செய்தவர். கற்றல் குறைபாட்டைக் கண்டறிய நிம்ஹான்ஸ் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனைத் தொகுப்பில் அவர் பங்கு உண்டு. இந்தியக் குழந்தைகளின் மனநலம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1995-இல் வந்தது.

வாசல் எதுவானாலும் ஏணி ஒன்றுதான். முதுகலை முடித்து நெட் அல்லது செட் தேர்வு. பிறகு முனைவர் பட்டம். நாலைந்து வருடம் அதற்கே போய்விடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவருக்கு முதல் உயர்வு 4 வருடத்தில், அடுத்தது 5 வருடத்தில், பிறகு 3 வருடத்தில் இணைப் பேராசிரியர், இன்னொரு 3 வருடத்தில் பேராசிரியர். கூட்டினால் 15. ஒவ்வொரு படியிலும் ஆய்வுக் கட்டுரைகள், பயிற்சி வகுப்புகள் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய்; பேராசிரியர் ஆகும்போது 1,44,200.

"அப்போ நாப்பது வயசு தாண்டிரும்," என்றாள்.

"தாண்டும். ஆனா மேலே ஏறின பிறகுதான் வேலை தொடங்கணும்னு இல்ல. அந்த 15 வருசத்துல என்ன செய்யதுங்கதுலதான் எல்லாம் இருக்கு. அண்ணாச்சி மரக்கால் கேட்டாருல்லா, அதைச் செய்யணும்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

நாஞ்சில் நாட்டில் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. கோட்டை என்ற சொல்லுக்கு இங்கே டிலனாய் கட்டியது மட்டும் பொருளல்ல. வயல்காரருக்கு அது நெல்லின் கணக்கு. வேற்றூர் வியாபாரி அவன் மரக்காலைக் கொண்டுவந்து நம் களத்தில் அளந்தால் என்ன நடக்கும்? நெல் குறைந்துவிட்டது என்பான். குறைந்தது நெல்லா, மரக்கால் வேறா? இதைக் கேட்காமல் மூட்டை கட்ட எந்த வயல்காரரும் சம்மதிக்க மாட்டார். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் சம்மதித்துவிடுகிறோம்.

அறிவுத்திறன் எண் என்பது சாமி கொடுத்த எண் அல்ல. ஒரு சோதனையைச் செய்கிறவர்கள் முதலில் அதை நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வயதிலும் சராசரிப் பிள்ளை எவ்வளவு செய்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்தச் சராசரிக்கு 100 என்று பெயர். நம் பிள்ளைக்கு 85 என்றால், அந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு ஒப்பிட்டால் 85 என்றுதான் அர்த்தம். ஆகவே முதல் கேள்வி: அந்தப் பிள்ளைகள் யார், எந்த ஊர், எந்த வருடம், எந்த மொழி?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைக் கேளுங்கள். வி.வி. காமத் பினேயின் சோதனையை மராத்தி, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்காகத் திருத்தி அமைத்தார்; அதை விளக்கும் நூல் 1940-இல் வந்தது. சுதந்திரத்துக்கு முன்னால் செய்த அந்த மரக்கால் இன்றும் நம் சிகிச்சையகங்களில் புழக்கத்தில் இருக்கிறது. அடுத்து நாக்பூரில் ஆர்தர் மாலின், அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றி 1969-இல் கொண்டுவந்தார். அது ஆங்கிலம், இந்தி, மராத்தியில். வாசிப்புக் குறைபாட்டுக்கென்று மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் 'டாலி' என்ற தொகுப்பை வெளியிட்டது. முதலில் வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். மூன்று கருவி, மூன்றிலும் மராத்தி உண்டு. முதல் பந்தியில் தமிழுக்கு இலை போடவில்லை. மராத்திக்காரர்கள்மேல் குற்றமில்லை. அங்கே உட்கார்ந்து செய்ய ஆள் இருந்தது.

சோதனையை வாங்கித் தமிழில் மொழிபெயர்த்தால் போதாதா என்று அண்ணாச்சியே கேட்டார். அவர் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினேன். அதில் பழக்கூடைப் படம்; நடுவில் பிளந்து வைத்த பலா.

"இது என்ன அண்ணாச்சி?"

"சக்கை."

இதுதான் விஷயம். குமரி மாவட்டத்தில் பலாவுக்குச் சக்கை என்று பெயர். மதுரைக்கு வடக்கே சக்கை என்றால் சாறு பிழிந்தபின் வீசுவது. விடைத்தாளில் 'பலா' என்று அச்சடித்து வைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து வரும் சோதனையாளர், படத்தைக் காட்டி 'சக்கை' என்ற பதிலைக் கேட்டால் என்ன செய்வார்? பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். மரவள்ளியை மரச்சீனி என்றால் இன்னொன்று. முந்திரியைக் கொல்லாங்கொட்டை என்றால் இன்னொன்று. பத்துக் கேள்வியில் மூன்று போனால் பிள்ளையின் சொல்வளம் குறைவு என்று எழுதிவிடலாம். குறைந்தது யாருடைய சொல்வளம்?

எழுத்திலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டத்தை ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு மாதிரி வாசிக்க வேண்டும். அதனால் அங்கே வாசிப்புக் குறைபாடு தப்புத் தப்பாக வாசிப்பதில் சட்டென்று தெரியும். தமிழில் 247 எழுத்து இருந்தாலும், எழுதியபடி வாசிப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். கடல், பகல், தங்கம் என்று ககரம் மாறி ஒலிக்கும். அதற்கும் ஒழுங்கு உண்டு. ஆகவே நம் பிள்ளை சரியாகவே வாசிக்கக்கூடும், ஆனால் எழுத்தெழுத்தாக, மிக மெதுவாக. எழுதும்போது ல-ள-ழ, ர-ற, ந-ன-ண இடம் மாறும். பிழையை மட்டும் எண்ணுகிற கருவிக்கு இந்தப் பிள்ளை தப்பிப் போகும். நேரத்தையும் எண்ண வேண்டும். தமிழ் வாசிப்பை அளக்கத் தமிழுக்குள்ளிருந்து கருவி வேண்டும் என்பது இதனால்தான். மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை.

மரக்கால் பழசானாலும் கோளாறு. 1984-இல் ஜேம்ஸ் ஃபிளின் அமெரிக்காவின் பழைய சோதனைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டார். பத்து வருடத்துக்குச் சுமார் 3 புள்ளி வீதம் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருந்தது. பழைய சராசரியோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளை கூடுதல் கெட்டிக்காரனாகத் தெரிவான். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு இதனால் நிஜமான நஷ்டம் உண்டு: 70-க்குக் கீழே வந்தால் கிடைக்க வேண்டிய சான்றிதழும் உதவியும், பழைய கருவி 74 என்று காட்டுவதால் கிடைக்காமல் போகலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது மூன்று பேர் சாயா குடித்துவிட்டு எழுந்தார்கள். கல்லாவில் அண்ணாச்சியின் பேரன், ஐந்தாம் வகுப்பு. மூன்று சாயா 45, நாலு ரசவடை 40. அவர்கள் 200 ரூபாய்த் தாளை நீட்டி முடிக்குமுன் அவன் 115-ஐ எண்ணிக் கையில் கொடுத்துவிட்டான். "இவனுக்குக் கணக்கு வராதுன்னு பள்ளியில எழுதி விட்டிருக்காவ," என்றார் அண்ணாச்சி. எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் பழம், தின்பண்டம் விற்ற பிள்ளைகளிடம் வியாபாரக் கணக்கைக் கேட்டபோது 98 விழுக்காடு சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. டெரெசினா கரேஹெரும் கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிள்ளைகள் ஐந்தே பேர்தான். ஆனால் அது கேட்ட கேள்வி பெரியது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் பெரிய அளவில் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே இடைவெளிதான்: சந்தைக் கணக்கு வருகிறது, பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கோ தாள் கணக்கு வருகிறது, சந்தைக் கணக்கு தடுமாறுகிறது. பேரனுக்குக் கணக்கு வரும். தாளில் வரவில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் பள்ளி உளவியலாளர்.

முன்னே சொன்ன பேராசிரியர் ஏணியில் ஒரு வழுக்குப் படியும் உண்டு. கோபாலசாமியின் ஆசிரியர் ஸ்பியர்மனுக்குப் பிறகு லண்டனில் அதே நாற்காலிக்கு வந்தவர் சிரில் பர்ட். 1913-லேயே லண்டன் மாநகரக் கல்வி நிர்வாகம் நியமித்த உளவியலாளர். பின்னாளில் 'சர்' பட்டம் பெற்றவர். தனித்தனி வீட்டில் வளர்ந்த இரட்டையர்களை வைத்து, அறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்று எழுதினார். 1955-இல் 21 ஜோடி, 1966-இல் 53. ஆனால் அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையின் அளவு மட்டும் இரண்டு தடவையும் 0.771. ஆள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் மூன்றாம் தசமம்கூட அசையவில்லை. 1971-இல் அவர் இறந்தபின் இதைக் கவனித்தவர்கள் தரவே புனைந்ததோ என்று கேட்டார்கள். அவருக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்த எண்களை இப்போது யாரும் நம்பிப் பயன்படுத்துவதில்லை. கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு தரும் நம் காலத்தில், இந்தக் கதையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"இதுக்கெல்லாம் வேலை உண்டா மாமா?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2012-13 வாக்கில் பள்ளிக் கல்வித்துறை நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டிகள் பத்தை விட்டது. அன்றைக்கு மாவட்டம் 32. ஆக, ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டம். 2018-இல் 14417 என்ற உதவி எண் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் பட்டியலை 21 வகையாக விரித்தபோது கற்றல் குறைபாடும் அதில் ஏறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டியது. தீர்ப்பு வந்துவிட்டது. அத்தனை பேருக்குப் பயிற்சி கொடுப்பது யார்? அவர்கள் கையில் கொடுக்கும் கருவியைச் செய்வது யார்? அந்த இடத்தில்தான் பேராசிரியர் வருகிறார்.

அண்ணாச்சி விடவில்லை. "அப்போ மரக்கால் உண்டா, இல்லியா?"

"உண்டு அண்ணாச்சி. அடுத்த ஊர் மரக்கால் உண்டு. நம்ம களத்துக்குள்ளது இன்னும் செஞ்சு முடியல்ல."

அவள் எழுந்து கல்லாப் பக்கம் போனாள். பையன் அருகே உட்கார்ந்து, வாசிக்கும்போது எந்த எழுத்து அவனைக் குழப்புகிறது என்று மெல்லக் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் காசை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"எழுத்தெல்லாம் தெரியும் அக்கா. பைய வாசிச்சா எல்லாம் வரும். சாரு அதுவரைக்கும் நிக்க மாட்டாரு."

அந்தச் சாரு நான் இல்லை. ஆனால் முப்பது வருடத்தில் 'மண்டு' என்று நான் ஒட்டிய பெயர்கள் எத்தனை, அதில் எத்தனை பேர் பைய வாசித்தவர்கள் என்று இப்போது எண்ண வழியில்லை. அவள் நோட்டை எடுத்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே, 'பைய' என்ற சொல்லையும் மாற்றாமல், எழுதிக்கொண்டாள்.